மண்ணை விழுங்கிய மண்புழு

(தொடக்க, உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்களுக்கான பயிற்சியில் ஆற்றிய உரை)



பல ஆண்டுகளுக்கு முன்பு ஐந்தாம் வகுப்பில் மான் வரையச் சொன்னேன். ஒரு மாணவி வரைந்த மானின் கொம்புகள் கிளையும் இலையுமாக வளர்ந்திருந்தன. அதில் ஒரு குருவி வேறு. "மான் தலையில் மரம் முளைக்குமா?" என்று கேட்டேன். வகுப்பே சிரித்தது. அவள் அழித்துவிட்டாள். அந்த ஆண்டு முழுவதும் கரும்பலகையில் நான் போட்டுக் காட்டியதை மட்டுமே பார்த்து வரைந்தாள்.

பிறகொரு நாள் கோண்டு ஓவியங்கள் அடங்கிய நூல் ஒன்றைப் புரட்டினேன். அதே மான், அதே மரம்! வெட்கமாக இருந்தது.

மத்தியப் பிரதேசத்துக் கோண்டு மக்களின் கதைகளைப் பாடிக் காத்தவர்கள் பர்தான்கள். நம் பாணர்களைப் போன்றவர்கள். அவர்களுடைய பெருந்தெய்வம் படா தேவ் குடியிருப்பது கோயிலில் அன்று, கருமருது மரத்தில். பாட்டன்கட் என்ற சிற்றூரைச் சேர்ந்த ஜன்கட் சிங் ஷ்யாம், 1980களில் போபாலின் பாரத் பவனுக்கு வந்து, அதுவரை பாட்டில் மட்டும் இருந்த தெய்வங்களைத் தாளிலும் துணியிலும் வரைந்தார்.

அவர்கள் சொல்லும் படைப்புக் கதை இது. தொடக்கத்தில் எங்கும் நீர். படா தேவ் மண்ணைத் தேடக் காகத்தை அனுப்புகிறார். களைத்த காகம் நண்டின் கொடுக்கில் இறங்குகிறது. மண் முழுவதையும் மண்புழு விழுங்கிவிட்டது என்பது நண்டுக்குத் தெரியும். அது நீருக்குள் சென்று, மண்புழுவை நெரித்து மண்ணைக் கக்க வைக்கிறது. சிலந்தி நீரின்மேல் வலை பின்ன, அதன்மேல் மண் பரப்பப்படுகிறது. நாம் நிற்கும் நிலம் அதுதான்.

"மண்புழு உழவனின் நண்பன்" என்று நாமும் கற்பிக்கிறோம். பிள்ளைகளும் எழுதி மதிப்பெண் வாங்குகிறார்கள். ஆனால் நண்பன் இல்லாமலும் வாழ்ந்துவிடலாம். நிற்க மண்ணே இல்லாமல்? கதை அவ்வளவு தூரம் போகிறது.

ஜன்கட்டின் உறவினரும் மாணவருமான பஜ்ஜு ஷ்யாம் லண்டனில் ஓர் உணவகத்தின் சுவர்களில் வரையச் சென்றார். அங்கே கண்டவற்றை அவர் வரைந்த நூலைச் சென்னையிலுள்ள தாரா பதிப்பகம் 2004இல் வெளியிட்டது. அதில் சுரங்க ரயில் ஒரு பெரிய மண்புழு. பூமிக்கடியில் ஆள்வது மண்புழுதான் என்று கேட்டு வளர்ந்தவருக்கு வேறு எப்படித் தோன்றும்? பிக் பென் மணிக்கூண்டு சேவலோடு சேர்ந்துவிட்டது. அவருடைய ஊரில் நேரம் சொல்வது சேவல்தானே. கதை கையில் இருந்ததால் அந்நிய நகரமும் அவருக்குப் புரிந்தது.

ஒரு எச்சரிக்கை. புள்ளியும் கோடும் இட்டு நிரப்பச் சொல்லி, "கோண்டு ஓவியம்" என்று சுவரில் ஒட்டுவது எளிது. சேலையிலும் கோப்பையிலும் இன்று அதைத்தான் செய்கிறார்கள். கதையில்லாமல் அது வெறும் கோலம். கோலத்தைக்கூட நம் வீட்டுப் பெண்கள் காரணத்தோடுதான் போடுகிறார்கள்.

நம் ஊரில் புற்றுக்குப் பால் வார்க்கிறார்கள். வேம்புக்கு மஞ்சள் துணி கட்டுகிறார்கள். ஏன் என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுவரச் சொல்லுங்கள். கேட்டதை வரையட்டும். கரும்பலகையில் நீங்கள் எதுவும் போட்டுக் காட்டாதீர்கள். வண்ணப் பெட்டி இல்லையே என்ற கவலையும் வேண்டாம். கோண்டுப் பெண்கள் வீட்டுச் சுவரில் வரைந்தது செம்மண், வெள்ளை மண், கரி ஆகியவற்றைக் கொண்டுதான்.