காளான் வித்துக் கூடத்தில் லேமினார் பெட்டி

(காளான் வித்து உற்பத்திப் பயிற்சியில் ஆற்றிய உரை)



காளான் வளர்க்கும் விவசாயிகள் சிலர், வித்தையும் தாங்களே தயாரிக்க முன்வந்துள்ளனர். அதற்கு வேண்டிய கருவிகளுள் முக்கியமானது லேமினார் காற்றுப் பெட்டி. அதைக் கையாள்வது, சுத்தம் செய்வது, அதன் முன் அமர்ந்து வேலை செய்பவரின் நலம் காப்பது ஆகியவை பற்றி இன்று கூற விரும்புகிறேன்.

அரைவேக்காடாக வேகவைத்த சோளத்தை ஈரம் போக உலர்த்தி, கிலோவுக்கு 20 கிராம் கால்சியம் கார்பனேட் கலந்து, பைகளில் நிரப்பி, ஆட்டோகிளேவில் 20 பவுண்டு அழுத்தத்தில் 2 மணி நேரம் வைக்கிறோம். பின்னர் பையைத் திறந்து தாய் வித்தைச் சேர்க்கும் சில விநாடிகளில் காற்றிலுள்ள பூசணத் துகள் உள்ளே விழுந்தால், அந்தப் பை வீணாகிவிடும். இதைத் தடுக்கவே இப்பெட்டி. இதன் பின்சுவரில் உள்ள ஹெப்பா வடிகட்டி, 0.3 மைக்ரான் அளவுள்ள நுண்துகள்களில் 99.97 விழுக்காட்டைத் தடுத்துவிடும். அதன் வழியே வரும் தூய காற்று மேடையைக் கடந்து வெளியே பாய்கிறது.

வெளியே வரும் அந்தக் காற்று நேராக எங்கே போகிறது? வேலை செய்பவர் முகத்திற்குத்தான். ஆகவே, இப்பெட்டி வித்தைக் காக்குமேயன்றி, நம்மைக் காக்காது. நோய்க்கிருமி ஆய்வுக்கூடங்களில் உள்ள பாதுகாப்புப் பெட்டி வேறு வகையைச் சேர்ந்தது. அது முன்புறக் காற்றை உள்ளிழுத்து, வடிகட்டிய பிறகே வெளியேற்றும். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல் தோன்றுவதால் ஏமாந்துவிடக் கூடாது.

பச்சை, கறுப்புப் பூசணம் படர்ந்த பையை இந்த மேடையில் பிரித்துப் பார்ப்பது பெருந்தவறு. கோடிக்கணக்கான துகள்கள் மூச்சோடு உள்ளே போகும். இருமல், இளைப்பு உள்ளவர்களுக்கு இது மிகவும் தீங்கானது. கெட்டுப்போன பையைப் பிரிக்காமலே மீண்டும் ஆட்டோகிளேவில் வேகவைத்து, பிறகு குழியில் கொட்டி மூடுங்கள். பூச்சிமருந்து கலப்பதற்கோ, நோயில் இறந்த கோழியை அறுத்துப் பார்ப்பதற்கோ இந்த மேடையை ஒருபோதும் பயன்படுத்தக் கூடாது.

வேலை தொடங்கும் முறையைப் பார்ப்போம். கதவு, சன்னல்களை மூடி, மின்விசிறியை நிறுத்துங்கள். பெட்டியின் காற்றை 15 முதல் 20 நிமிடம் முன்னதாகவே ஓடவிடுங்கள். புற ஊதா விளக்கு எரியும்போது அறையில் யாரும் இருக்கலாகாது. அந்த ஒளி பட்டால் கண்ணில் மணல் விழுந்தாற்போன்ற உறுத்தல் சில மணி நேரம் கழித்தே தெரியும். விளக்கை அணைத்த பிறகே உள்ளே கை வைக்க வேண்டும். மேலும், அந்த ஒளி பொருள்களின் நிழலில் உள்ள கிருமியைக் கொல்லாது. எனவே, விளக்கைப் போட்டாலும் மேடையைத் துடைத்தே ஆகவேண்டும்.

துடைப்பதற்கு 70 விழுக்காடு ஆல்கஹால் ஏற்றது. 95 விழுக்காடு ஆல்கஹால் ஏறத்தாழ 740 மில்லி எடுத்து, 1 லிட்டர் ஆகும்வரை கொதித்து ஆறிய தண்ணீர் சேருங்கள். தண்ணீர் சேர்ந்தால்தான் ஆல்கஹால் கிருமியின் உள்ளே நன்கு ஊடுருவும். முதலில் பக்கச் சுவர்களை மேலிருந்து கீழாகவும், பிறகு மேடையைப் பின்னாலிருந்து முன்னாகவும் துடையுங்கள். வடிகட்டியின் மேல் துணியோ, தண்ணீரோ, ஆல்கஹாலோ படவே கூடாது.

ஆல்கஹால் எளிதில் தீப்பற்றும். அதன் சுடர் வெளிச்சத்தில் கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. மேடையும் கைகளும் முழுவதும் உலர்ந்த பிறகே ஸ்பிரிட் விளக்கை ஏற்றுங்கள். எரியும் விளக்கில் ஸ்பிரிட் ஊற்றாதீர்கள். ஸ்பிரிட் புட்டி பெட்டிக்கு வெளியே தள்ளி இருக்கட்டும்.

உட்காரும் முறையும் முக்கியம். முழங்கை மேடை மட்டத்திலும், பாதம் தரையிலோ பலகையிலோ பதிந்தும் இருக்குமாறு இருக்கையின் உயரத்தை அமைத்துக்கொள்ளுங்கள். தாய் வித்து ஒரு பக்கம், புதுப் பைகள் மறு பக்கம் என்று கைக்கெட்டும் தூரத்தில் வையுங்கள். மேடையின் விளிம்பிலிருந்து 6 அங்குலமாவது உள்ளே தள்ளி வேலை செய்யுங்கள். வடிகட்டிக்கும் திறந்த பைக்கும் நடுவே கையோ புட்டியோ குறுக்கிடக் கூடாது. பேச்சைக் குறைத்து, மூக்கையும் வாயையும் மூடும் முகக்கவசம் அணியுங்கள். அரைமணிக்கு ஒருமுறை எழுந்து தோளையும் கழுத்தையும் தளர்த்திக்கொள்வது நல்லது. உடல் வலித்தால் கை தடுமாறும். கை தடுமாறினால் பை கெடும்.

வேலை முடிந்ததும் சிந்திய சோளத்தை அகற்றி, ஸ்பிரிட் விளக்கை அணைத்து, அது ஆறிய பின் மேடையைத் துடைத்து, மேலும் 10 நிமிடம் காற்றை ஓடவிட்டு நிறுத்துங்கள். மாதம் ஒருமுறை மின்இணைப்பைத் துண்டித்துவிட்டு, முன்வடிகட்டியைக் கழற்றி, சோப்புத் தண்ணீரில் அலசி, நன்கு உலர்த்தி மாட்டுங்கள். அதில் தூசி அடைத்தால் ஹெப்பா வடிகட்டியின் ஆயுள் குறையும். மூன்று முனைப் பிளக்கும் நல்ல எர்த் இணைப்பும் கட்டாயம் தேவை.

பெரும்பாலும் வீட்டிலுள்ள பெண்களும் பிள்ளைகளுமே இந்த மேடையில் அமர்கிறார்கள். ஒரு பை கெட்டால் நட்டம் சில ரூபாய்தான்; கண்ணும் நெஞ்சும் கெட்டால் ஈடு கிடையாது. எனவே, வித்தைக் காக்கும் கவனத்தோடு வித்துத் தயாரிப்பவரையும் காத்து, இத்தொழிலில் நல்ல பலன் பெறுமாறு கேட்டு விடைபெறுகிறேன்.