வகைக்கெழுவும் டெரிவேட்டிவும்



பொழிச்சலூரில் தமிழ்வழியில் பிளஸ் டூ முடித்த ஒரு பையன். பொறியியல் கல்லூரியில் முதல் வாரம். பேராசிரியர் 'டெரிவேட்டிவ்' என்று சொல்லி மளமளவென்று எழுதிக்கொண்டே போகிறார். இவனுக்கு ஒன்றும் புரியவில்லை. எழுந்து கேட்கவும் கூச்சம். வீட்டுக்கு வந்து பழைய கணக்குப் புத்தகத்தைப் புரட்டினால், அட, நம்ம வகைக்கெழு! பள்ளியில் நோட்டு நோட்டாகப் போட்ட கணக்குதான்.

அறிவு இருந்தது, பெயர்தான் புதிது.

இப்படிப்பட்ட பிள்ளைகள் கல்லூரிக்குள் நுழைய இப்போது வழி இருக்கிறது. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவத்தில் 2020 முதலும், பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளில் 2021 முதலும் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. என்ன படிக்கலாம் என்று வழிகாட்ட 2022இல் 'நான் முதல்வன்' திட்டம் வந்தது. மாதம் 1,000 ரூபாய் உதவித்தொகை தர மாணவிகளுக்குப் 'புதுமைப் பெண்' திட்டம், மாணவர்களுக்குத் 'தமிழ்ப் புதல்வன்' திட்டம். கதவு திறந்துவிட்டது. உள்ளே போகும் பிள்ளை தடுமாறாமல் நடக்க வேண்டும், அல்லவா?

அதற்கு ஒரு சின்ன வழி. பிளஸ் ஒன் சேர்ந்த அன்றே ஒரு குட்டி நோட்டு போடுங்கள். இடப்பக்கம் 'திசைவேகம்', வலப்பக்கம் 'வெலாசிட்டி'. இடப்பக்கம் 'தொகையிடல்', வலப்பக்கம் 'இன்டகிரேஷன்'. தினம் ஐந்து சொல் எழுதினால், 200 நாளில் ஆயிரம் சொல்!

ஆசிரியர்களே, வாரம் ஒரு வகுப்பில் விடையை எழுதிப் போடாமல், பாடத்தைப் பேசிக் காட்டுங்கள்; பிள்ளைகளே குறிப்பு எடுக்கட்டும். கல்லூரியில் அந்தப் பழக்கம்தான் கைகொடுக்கும்.

மதிப்பெண் கல்லூரி வாசல்வரை கொண்டுபோய் விடும். அதற்கப்புறம் நடப்பது, கேட்கக் கூச்சப்படாத பிள்ளைதான்.