மெய்யா என்று பார்ப்போம்

(பரிசளிப்பு விழாவில் ஆசிரியர் ஆற்றிய உரை)

 

இன்று ஓர் ஆங்கிலச் சொல்லைப் பற்றிப் பேச விரும்புகிறேன். "தமிழ்ப்பள்ளி விழாவில் ஆங்கிலச் சொல் எதுக்கு சார்?" என்று நீங்கள் கேட்கலாம். காரணம் உண்டு. அந்தச் சொல் 'வெரிஃபை'.

இலத்தீன் மொழியில் 'வேருஸ்' என்றால் மெய்யான. 'ஃபாக்கெரே' என்றால் செய்தல். இவ்விரண்டும் சேர்ந்து பிறந்த சொல், பழைய பிரெஞ்சு வழியாக 14ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்தில் வழங்கலாயிற்று. மாணவர்களே, நீங்கள் ஆசைப்படும் 'வெரி குட்'டில் உள்ள 'வெரி'யும் இதற்கு உறவுதான். முதலில் அதற்கும் 'மெய்யான' என்றே பொருள். நீதிமன்றத்தில் சொல்லும் 'வெர்டிக்ட்' என்பது 'மெய்யாகச் சொன்னது'. அக்காலத்து இங்கிலாந்து நீதிமன்றத்தில் ஒருவர் புதிய செய்தியை எடுத்துச் சொன்னால், அதை மெய்ப்பிக்கத் தயார் என்றும் சொல்லியாக வேண்டும். சும்மா சொன்னால் செல்லாது.

நம் தமிழில் 'மெய்ப்பித்தல்', 'சரிபார்த்தல்' என்கிறோம். திருக்குறளில் 'மெய்யுணர்தல்' என்று ஓர் அதிகாரமே உண்டு. மலாய்ப் பாரங்களில் 'டிசாக்கான்' என்று பார்த்திருப்பீர்கள். அதிலுள்ள 'சா' அரபு மொழியிலிருந்து வந்தது.

'செக்' செய்வதற்கும் 'வெரிஃபை' செய்வதற்கும் சிறு வித்தியாசம் உண்டு. 52இல் 17 போனால் 35. அதே கணக்கை மேலோட்டமாக இன்னொரு தடவை பார்ப்பது 'செக்'. 35ஓடு 17ஐக் கூட்டி 52 வருகிறதா என்று பார்த்தால் அதுதான் 'வெரிஃபை'. வேறொரு சான்றோடு ஒத்துப் பார்க்க வேண்டும்.

பால்மரம் வெட்டியவர்களுக்கு இது புதிதல்ல. தராசு பாலின் எடையைத்தான் சொல்லும். பாலில் தண்ணீரும் இருக்குமே! அதனால் மெட்ரோலாக் கருவியை மிதக்கவிட்டு, ரப்பர் எவ்வளவு என்று பார்த்தார்கள். கிராணி எழுதியதைத் தம் கணக்கோடு ஒத்துப் பார்த்த தொழிலாளிக்குக் கூலி குறையவில்லை. பார்க்காமல் போனவருக்குக் குறைந்தாலும் தெரியவில்லை.

பெற்றோர்களே, இதே கவனம் பிறப்புப் பத்திரத்துக்கும் வேண்டும். "பேருல ஒரு எழுத்து மாறிப்போச்சு, அதனால என்னா சார்?" என்று சிலர் கேட்கிறார்கள். பிள்ளைக்கு 12 வயதாகி அடையாளக் கார்டு எடுக்கப் போகும்போது அந்த ஓர் எழுத்து வழிமறிக்கும். அப்பாவின் பெயர் பத்திரத்தில் ஒரு மாதிரி, ஐசியில் ஒரு மாதிரி இருந்தால், அலைச்சல் யாருக்கு? ஒருநாள் சம்பளத்தை விட்டுவிட்டு நீங்கள்தான் அலைய வேண்டும். ஆகவே பத்திரம் கைக்கு வந்ததும், கவுண்டரைவிட்டு நகருமுன் ஐசியோடு வைத்து எழுத்தெழுத்தாகப் பாருங்கள். கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள். சரிபார்ப்பது யாரையும் சந்தேகப்படுவது ஆகாது. நல்ல கிராணியும் இரண்டு தடவை கூட்டித்தான் பார்ப்பார்.

மாணவச் செல்வங்களே, உங்களுக்கும் வேலை இருக்கிறது. வீட்டுக்கு வரும் தாளை அம்மா அப்பாவுக்குப் படித்துக் காட்டுங்கள். என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் அவர்கள் கையெழுத்துப் போடவோ, கைநாட்டு வைக்கவோ விடாதீர்கள். நீங்கள் படித்த படிப்புக்கு முதல் பயன் அதுவாக இருக்கட்டும்.

பரிசு பெறுவோர்க்கு என் வாழ்த்துகள்.