147 என்னும் எண்



பட்டணத்துக் கடைவீதிகளில், மாடிக் கட்டடங்களின் முகப்பில், 'ஸ்நூக்கர்' என்று எழுதிய பலகைகளை நாம் பார்த்திருக்கிறோம். அந்தப் பலகையைக் கண்டாலே பெற்றோர் பலருக்கு மனம் கலங்குகிறது. பிள்ளை அந்தப் படிக்கட்டில் ஏறினால் படிப்பு கெட்டது, காசும் போயிற்று என்று அஞ்சுகிறோம். அந்த அச்சத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால், ஒன்றைப் பழிப்பதற்கு முன்னால் அது இன்னதென்று அறிந்துகொள்வது நல்லதல்லவா? இன்று அந்த விளையாட்டையும், அதில் பெரிய ஆட்டக்காரர்கள் எடுக்கும் பெரிய எண்ணிக்கைகளையும் பற்றி நாம் சிந்திப்போம்.

வானொலியில் நிறங்களைக் காட்ட முடியாது. ஆகவே தாய்மார்கள் அடுப்பு வேலையைப் பார்த்துக்கொண்டே கேட்கலாம். பிள்ளைகள் மட்டும் ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஏறத்தாழ 12 அடி நீளமும் 6 அடி அகலமும் கொண்ட ஒரு மேசை. அதன்மேல் பச்சைத் துணி இழுத்துக் கட்டியிருக்கும். நான்கு மூலைகளிலும், நீண்ட பக்கங்களின் நடுவிலுமாக ஆறு பைகள். மேசைமேல் 22 பந்துகள். அவற்றில் 15 சிவப்பு. ஒவ்வொன்றுக்கும் 1 புள்ளி. பிறகு ஆறு வண்ணப் பந்துகள்: மஞ்சளுக்கு 2, பச்சைக்கு 3, பழுப்புக்கு 4, நீலத்துக்கு 5, இளஞ்சிவப்புக்கு 6, கறுப்புக்கு 7. மிஞ்சியிருப்பது ஒரே ஒரு வெள்ளைப் பந்து. ஆட்டக்காரர் தம் கோலால் அடிக்கக்கூடிய பந்து அது ஒன்றுதான். வெள்ளை சென்று மோதித்தான் மற்றவை பைக்குள் விழ வேண்டும்.

முதலில் ஒரு சிவப்பு, அடுத்து ஒரு வண்ணம், மறுபடியும் ஒரு சிவப்பு, மறுபடியும் ஒரு வண்ணம், இதுதான் ஒழுங்கு. விழுந்த சிவப்பு திரும்ப வராது. வண்ணப் பந்தை நடுவர் எடுத்து அதன் இடத்தில் மறுபடியும் வைப்பார். சிவப்பு பதினைந்தும் தீர்ந்த பிறகு, வண்ணப் பந்துகளை மஞ்சள் முதல் கறுப்பு வரை வரிசையாகப் பையில் போட வேண்டும். ஒரு பந்து தவறினால் ஆட்டக்காரர் போய் உட்கார வேண்டியதுதான். எதிராளி எழுந்து வருவார். தவறாமல் ஒரே தொடர்ச்சியாக ஒருவர் எடுக்கும் புள்ளிகளின் கூட்டுத்தொகையையே 'பிரேக்' என்கிறார்கள்.

பிள்ளைகளே, இப்போது கணக்குப் போடுங்கள். ஒவ்வொரு சிவப்புக்குப் பிறகும் ஒருவர் நீலத்தையே போட்டால், 1-உம் 5-உம் 6. பதினைந்து முறை என்றால் 90. கடைசி ஆறு வண்ணங்களுக்கு 27. ஆக 117. நீலத்துக்குப் பதிலாக ஒவ்வொரு முறையும் கறுப்பையே போட்டால், 1-உம் 7-உம் 8. பதினைந்து முறைக்கு 120. அதனுடன் 27 சேர்ந்தால் 147. வழக்கமான ஆட்டத்தில் இதற்குமேல் எண்ணிக்கை இல்லை. எதிராளி ஒரு பிழை செய்து, அதனால் இன்னொரு பந்தைச் சிவப்பாகக் கொள்ளும் சலுகை கிடைத்தால் மட்டுமே இதைத் தாண்டலாம். 2004-ஆம் ஆண்டில் ஜேமி பர்னெட் என்பவர் அப்படித்தான் 148 எடுத்தார்.

147 எடுக்க 36 பந்துகளை ஒன்றன்பின் ஒன்றாகப் போட வேண்டும். அப்படியானால் குறி தவறாத கண்ணும் கையும் இருந்தால் போதுமா? போதாது. இந்த விளையாட்டின் உயிர் வேறிடத்தில் இருக்கிறது. பந்து பையில் விழுந்ததா என்று நாம் பார்க்கிறோம். தேர்ந்த ஆட்டக்காரரோ வெள்ளைப் பந்து எங்கே போய் நிற்கிறது என்று பார்க்கிறார். வெள்ளையின் நடுவுக்குக் கீழே அடித்தால் அது மோதிவிட்டுப் பின்னால் உருண்டு வரும். மேலே அடித்தால் முன்னால் போகும். நேருக்கு நேராக, அளவான வேகத்தில் நடுவில் அடித்தால், மோதிய இடத்திலேயே நின்றுவிடும். இவற்றைக் கொண்டு, இந்தச் சிவப்பைப் போடும்போதே அடுத்த கறுப்புக்கு வாகான இடத்தில் வெள்ளையை நிறுத்த வேண்டும். அந்தக் கறுப்பைப் போடும்போது அதற்கடுத்த சிவப்பை மனத்தில் வைத்திருக்க வேண்டும்.

பால்மரம் வெட்டிய கைகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இன்றைக்குப் பால் நிறைய வரட்டும் என்று கத்தியை ஆழமாக இறக்கினால் மரத்தில் காயம் விழும். பட்டை சரியாக வளராது. நாளைய வெட்டுக்கு இடம் இருக்காது. இன்றைய வெட்டிலேயே நாளைய வெட்டும் இருக்கிறது. ஸ்நூக்கர் மேசையிலும் அதே நியதிதான்.

இந்த விளையாட்டு எங்கே பிறந்தது தெரியுமா? 1875-ஆம் ஆண்டில் இந்தியாவின் ஜபல்பூரில், ஆங்கிலப் படை அதிகாரிகளிடையே பிறந்தது. நெவில் சேம்பர்லின் என்ற இளம் அதிகாரி பழைய மேசையாட்டங்களைக் கலந்து இதை அமைத்தார் என்பார்கள். 1880-களின் தொடக்கத்தில் இதன் விதிகள் ஒழுங்கு செய்யப்பட்ட இடம் நீலகிரி மலையிலுள்ள உதகமண்டலத்து ஆங்கிலேயர் மன்றம். அந்நாளில் அது துரைமார்களின் பொழுதுபோக்கு.

ஆனால், பிற்காலத்தில் இதன் பெருமையை வளர்த்தவர்களில் பலர் உழைப்பாளர் வீட்டுப் பிள்ளைகள். நிலக்கரிச் சுரங்கப் பகுதியில் வளர்ந்த ஜோ டேவிஸ் 1927-ஆம் ஆண்டில் முதல் உலக வாகையர் ஆனார். 1955-ஆம் ஆண்டு ஜனவரி 22-ஆம் நாள், தமது 53-ஆம் வயதில், இலண்டனில் அவர் 147 எடுத்தார். அதை முதலில் ஏற்க மறுத்த சங்கம் 1957-இல்தான் ஏற்றுக்கொண்டது.

வேல்ஸ் நாட்டு ரே ரியர்டன் 14 வயதில் சுரங்கத்தில் இறங்கியவர். பந்து விளையாடும் கை கெட்டுவிடக் கூடாதென்று சுரங்கத்திலும் வெள்ளைக் கையுறை அணிந்து வேலை செய்தார். ஒரு நாள் பாறை சரிந்து அவரை மூடியது. மூன்று மணி நேரம் அசைய முடியாமல் கிடந்தார். மனம் பேதலித்துவிடாமல் இருக்க, தம் தம்பியுடன் கோலி விளையாடுவதாக நினைத்துக்கொண்டே கிடந்தாராம். உயிர் தப்பி, பின்பு காவல்துறையில் பணிபுரிந்து, 1967-இல் முழுநேர ஆட்டக்காரரானார். 1970 முதல் 1978 வரை ஆறு முறை உலகப் பட்டம் வென்றார். 2024-ஆம் ஆண்டில் அவர் மறைந்தார்.

ஜான் ஸ்பென்சர் என்பவரின் கதை வேறு. 1979-இல் ஒரு போட்டியில் அவர் 147 எடுத்தார். அந்த நேரம் பார்த்துத் தொலைக்காட்சிப் படப்பிடிப்பாளர்கள் இடைவேளைக்குப் போயிருந்தார்கள். மேசைப் பைகளின் அளவும் முறைப்படி சரிபார்க்கப்படாததால் அது அதிகாரப் பட்டியலிலும் ஏறவில்லை. மூன்றாண்டுகள் கழித்து, 1982 ஜனவரி 11-ஆம் நாள், ஓல்டம் நகரில் ஸ்டீவ் டேவிஸ் தொலைக்காட்சிக்கு முன் முதல் 147-ஐ எடுத்து ஒரு காரைப் பரிசாகப் பெற்றார். அன்று எதிரே நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தவர் யார்? அதே ஜான் ஸ்பென்சர்தான்! உழைப்பு நம்முடையது, அது பிறர் கண்ணில் படுவது எப்போதும் நம் கையில் இல்லை.

நேயர்களே, இனி இரண்டு ஆட்டங்களை அருகருகே வைத்துப் பார்ப்போம்.

1983-ஆம் ஆண்டு ஏப்ரல் 23-ஆம் நாள், ஷெஃபீல்டு நகரின் குருசிபிள் அரங்கில் உலகப் போட்டி. கனடா நாட்டு கிளிஃப் தோர்பர்ன் ஆடுகிறார். அவர் மிக நிதானமானவர். அரைத்து அரைத்து ஆடுகிறவர் என்றே அவருக்குப் பட்டப்பெயர். முதல் சிவப்பு தற்செயலாகத்தான் விழுந்தது. அதிர்ஷ்டம் கொடுத்தது அந்த ஒன்றுதான். மற்ற முப்பத்தைந்தும் அவர் உழைப்பு. பக்கத்து மேசையில் ஆடிக்கொண்டிருந்த அவர் நாட்டுக்காரர் பில் வெர்பெனியுக் தம் ஆட்டத்தை விட்டுவிட்டுத் தடுப்புக்கு அப்பாலிருந்து எட்டிப் பார்த்தார். ஏறத்தாழக் கால் மணி நேரம் கழித்துக் கடைசிக் கறுப்பு விழுந்ததும் தோர்பர்ன் மண்டியிட்டார். உலகப் போட்டியில் எடுக்கப்பட்ட முதல் 147 அதுதான்.

அதே அரங்கு. 1997 ஏப்ரல் 21. ரோனி ஓசலிவன் என்ற 21 வயது இளைஞர். ஒரு பந்து விழுந்து ஓயுமுன் அடுத்த பந்துக்குக் குனிந்துவிடுகிறார். 147-உம் முடிந்தபோது கடிகாரம் காட்டியது ஐந்து நிமிடத்துக்குச் சற்று மேல். அந்த ஒரு முறைக்கு மட்டும் 1,47,000 பவுண்டு பரிசு.

ஒருவருக்கு ஐந்து நிமிடம். ஒருவருக்குக் கால் மணி. பதிவேட்டில் இருவருக்கும் 147 என்றே எழுதியிருக்கிறது.

வகுப்பறையில் நிற்கும் ஆசிரியர்களாகிய நாம் இந்த இடத்தில் சற்று நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். கேள்வி முடியுமுன் கை தூக்கும் பிள்ளை ஒன்று. விரல்விட்டு எண்ணி, அழித்து எழுதி, மணி அடித்த பிறகும் குனிந்திருக்கும் பிள்ளை ஒன்று. முதல் பிள்ளையை மெச்சுகிறோம். இரண்டாவது பிள்ளையை 'மந்தம்' என்று சொல்லிவிடுகிறோம். வீட்டிலும் அப்படியே. "உன் அண்ணனைப் பார்" என்கிறோம். அந்தச் சொல் பிள்ளையின் மனத்தில் எவ்வளவு ஆழமாக இறங்குகிறது என்பதை நாம் அளப்பதில்லை. பத்து வயதில் மந்தம் என்று பெயர் வாங்கிய பிள்ளை, பதினைந்து வயதில் தானே அதை நம்பிவிடுகிறது. படிப்பை விட்டு அது வெளியேறும்போது, அதற்கு மூளை இல்லை என்கிறோம். இல்லாமல் போனது மூளையா, நம்முடைய பொறுமையா?

தோர்பர்னை யாரும் அவசரப்படுத்தவில்லை. அவசரப்படுத்தியிருந்தால் அந்தக் கால் மணி நேரத்தில் எந்தப் பந்திலோ அவர் தவறியிருப்பார்.

இனி, பெற்றோரின் அச்சத்துக்கு வருவோம். பணம் புரளும் இடத்தில் தீமையும் நுழையும் என்பது உண்மை. 2023-ஆம் ஆண்டில் சீன நாட்டு ஆட்டக்காரர்கள் பத்துப் பேர் ஆட்டத்தை விலைபேசிய குற்றத்துக்காகத் தடை செய்யப்பட்டார்கள். அவர்களில் இருவருக்கு வாழ்நாள் தடை. திறமை இல்லாதவர்களா அவர்கள்? இல்லை. வெள்ளைப் பந்தை நிறுத்தத் தெரிந்தவர்களுக்கு ஆசையை நிறுத்தத் தெரியவில்லை.

ஆகவே, பிள்ளை அந்த மாடிக்குப் போகிறான் என்று தெரிந்தால் அடித்து உதைப்பதால் பயனில்லை. யாருடன் போகிறாய், எத்தனை மணிக்குத் திரும்புவாய், பந்தயம் கட்டுகிறார்களா என்று அமைதியாகக் கேளுங்கள். பந்தயம் உண்டென்றால் உறுதியாகத் தடுத்துவிடுங்கள். இல்லையென்றால், 147-இன் கணக்கை அவனிடமே கேளுங்கள். விளையாட்டில் அடுத்த பந்தை எண்ணத் தெரிந்தவனுக்கு, அடுத்த ஆண்டையும் எண்ணிப் பார்க்கச் சொல்லிக் கொடுக்கலாம்.

1982-இல் ஒன்று என்று தொடங்கிய அதிகாரப்பூர்வ 147-கள் இன்று இருநூறைத் தாண்டிவிட்டன. முடியாது என்று நினைத்ததை ஒருவர் முடித்துக் காட்டினால், பின்னால் வருகிறவர்களுக்கு வழி திறக்கிறது. ஒரு தோட்டத்திலிருந்து முதல் பிள்ளை மேல்படிப்புக்குப் போனால், அடுத்த ஆண்டு அந்த லயத்திலிருந்து இன்னும் இருவர் போவதை நாம் கண்டிருக்கிறோம். அந்த முதல் பிள்ளை விரைந்து போகிற பிள்ளையாகவும் இருக்கலாம். மெல்லப் போகிற பிள்ளையாகவும் இருக்கலாம். இருவருக்கும் இடம் விடுவோம்.