வேற வழியில்லை

கறுப்பு அங்கிக்குள் வேர்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளே!

காணையிலும் சுற்றுவட்டத்திலும் இருந்து வந்திருக்கும் உங்களில் பலர், உங்கள் வீட்டின் முதல் பட்டதாரிகள். அடுத்து என்ன என்று கேட்டால் பதிலை வீட்டிலேயே தயாராக வைத்திருப்பார்கள். குரூப் 4 எழுது, பி.எட். சேர், ஒரகடம் கம்பெனிக்குப் போ. பெண்பிள்ளை என்றால் ஜாதகத்தையே வெளியே எடுத்திருப்பார்கள். நீங்களும், “வேற வழியில்லை சார்” என்பீர்கள். அந்த மூன்று வார்த்தைகளைப் பற்றித்தான் பேசப்போகிறேன். முப்பது வருஷம் அதைச் சொல்லியே சம்பளம் வாங்கியவன் நான்.

1945 அக்டோபரில் பாரிஸில் பிரெஞ்சுத் தத்துவவாதி சார்த்தர் ஓர் உரை நிகழ்த்தினார். தன்னிடம் யோசனை கேட்டுவந்த ஒரு மாணவனைப் பற்றி அதில் சொல்கிறார். அவன் அண்ணன் 1940இல் ஜெர்மானியத் தாக்குதலில் இறந்துபோனான். அம்மாவுக்கு இவனை விட்டால் ஆளில்லை. இங்கிலாந்துக்குப் போய்ப் படையில் சேர்வதா, அம்மாவோடு இருப்பதா? இப்படிச் செய் என்று சார்த்தர் சொல்லவில்லை. உனக்குச் சுதந்திரம் இருக்கிறது, நீயே தேர்ந்தெடு என்றார். கைவிரித்தது போலத்தான் தெரியும். ஆனால் கூடவே ஒன்றைக் கவனித்தார். யாரிடம் யோசனை கேட்கப் போகிறோம் என்பதிலேயே பாதி முடிவை எடுத்துவிடுகிறோம். பெரிய மாமாவிடம் கேட்டால் என்ன சொல்வார் என்று தெரிந்துதானே அவரிடம் போகிறோம்?

இருத்தலியம் எனப்படும் இந்தச் சிந்தனையை விரிவாகத் தமிழுக்குக் கொண்டுவந்தது எஸ்.வி. ராஜதுரையின் ‘எக்ஸிஸ்டென்ஷியலிசம்: ஓர் அறிமுகம்’. வந்த வருஷம் 1975. அதே வருஷம் ஜூனில் நெருக்கடிநிலை வந்து பேச்சுரிமையைப் பறித்தது. அக்டோபரில் கொத்தடிமை முறையை ஒழிக்கும் அவசரச் சட்டமும் வந்தது. ஆனால் அதற்குப் பிறகும் நம் விழுப்புரம் மாவட்டத்துச் செங்கல் சூளையிலும் அரிசி ஆலையிலும் கரும்பு வெட்டிலும் வாங்கிய முன்பணத்துக்காகக் குடும்பத்தோடு கட்டுண்டு கிடந்தார்கள் பழங்குடிகளான இருளர்கள். சூளையில் கல் அறுக்கும் ஒருவரிடம் போய், “நீ சுதந்திரமானவன், தேர்ந்தெடு” என்று சொன்னால் அது தத்துவமா, கேலியா? சார்த்தரைப் படித்தபோது என்னை உறுத்திய இடம் இதுதான். பிரெஞ்சுச் சிந்தனையாளர் சிமோன் தி பொவ்வார் இதற்கு ஒரு பதிலின் பக்கத்தில் வருகிறார். மற்றவர்களின் சுதந்திரத்தை விரும்பாமல் என் சுதந்திரத்தை மட்டும் விரும்ப முடியாது என்பது அவர் வாதம்.

அதை ஒருவர் நடத்திக் காட்டியதைப் பார்க்க நீங்கள் பாரிஸ் போக வேண்டாம், திண்டிவனம் போதும். கல்யாணி சார் என்று நாம் சொல்லும் பிரபா கல்விமணி அங்கே அரசுக் கல்லூரியில் இயற்பியல் பேராசிரியராக இருந்தவர். பாடம் நடத்தினோம், வீடு கட்டினோம் என்று இருந்திருக்கலாம், ஒருவரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். 1993இல் அத்தியூர் இருளர் பெண் ஒருவர், புதுச்சேரிப் போலீசார் தன்னைப் பாலியல் வன்கொடுமை செய்ததாகச் சொன்னபோது, அந்த வழக்கைத் தன் வேலையாக எடுத்துக்கொண்டார். விழுப்புரம் கோர்ட் போலீசாரைத் தண்டித்தது, உயர் நீதிமன்றம் விடுவித்தது. ஜெயிப்போம் என்று எழுதிக்கொடுத்து அவரை யாரும் கூப்பிடவில்லை. பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கமும் ரோசணை தாய்த்தமிழ்ப் பள்ளியும் அவர் தேர்ந்தெடுத்தவைதான்.

இனி என் கதை. ஒரு தாலுகா ஆபீசில் செக்‌ஷன் கிளார்க்காக இருந்தேன். எந்த ஊர் என்பது வேண்டாம். ஓர் இருளர் அம்மா பத்து வயசுப் பையனைக் கூட்டிக்கொண்டு சாதிச் சான்றுக்கு மூன்று முறை வந்தார். பழங்குடிச் சான்று கொடுப்பவர் கோட்டாட்சியர், நான் குறிப்பெழுதி ஃபைலை நகர்த்தினால் போதும். “அவன் அப்பாவோட சான்று கொண்டா” என்றேன். பள்ளிக்கூடத்துப் பக்கமே போகாத அப்பாவுக்கு ஏது சான்று? அது எனக்கும் தெரியும். “ரூல் அப்படிம்மா, நான் என்ன பண்றது, வேற வழியில்லை.” காபிக் கடை சர்வர் ஒருவன் சர்வராக மட்டுமே மாறிப்போவதைச் சார்த்தர் எழுதியிருக்கிறார். மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்திருந்த நான் கிளார்க்காக மட்டுமே மாறிப்போயிருந்தேன். உண்மையில் எனக்கு ஒன்றல்ல, நாலு வழி இருந்தது. கள விசாரணை கேட்டு எழுதியிருக்கலாம். உறவுக்காரர் யாருக்காவது சான்று உண்டா என்று தேடியிருக்கலாம். தாசில்தாரிடம் நேரில் பேசியிருக்கலாம். குறைந்தது அந்த அம்மாவை உட்காரச் சொல்லியிருக்கலாம்.

நான் எழுதியிருந்தாலும் கோட்டாட்சியர் தள்ளுபடி செய்திருக்கலாம், அது அவர் பாடு. எழுதாமல் விட்டது நான்.

உங்களில் சிலர் நாளைக்கு வி.ஏ.ஓ. ஆவீர்கள், சிலர் காக்கி போடுவீர்கள், சிலர் சூளை முதலாளிக்குக் கணக்கு எழுதுவீர்கள். கவுன்டருக்கு அந்தப் பக்கம் யாராவது வந்து நிற்பார்கள்.

நாலாவது முறை அந்த அம்மா வரவில்லை. வராதது அன்றைக்கு எனக்கு நிம்மதியாக இருந்தது, இதையும் சொல்லிவிடுகிறேன். பையனுக்கு இப்போது நாற்பதாவது இருக்கும்.

போட்டோகிராபர் ரொம்ப நேரமாகக் காத்திருக்கிறார். நான் உட்காருகிறேன்.