சயாம் ரயில் பாதையில் மாண்டவர் கணக்கு

(காஞ்சிபுரம் நெசவாளர் கூட்டத்தில் பேசியது)



இவ்வூர் வைகுந்தப் பெருமாள் கோயிற் சுவரில் பல்லவ ராஜாக்களின் பட்டாபிஷேகமும் சண்டையும் செதுக்கியிருக்கக் காண்கிறோம். அச்சண்டைகளில் செத்த சிப்பாயின் பெயரை யார் தேடினோம்?

1942-43-ல் ஜப்பானியர் சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட்டனர். மலேயா ரப்பர்த் தோட்டத் தமிழர்களைச் சம்பள ஆசை காட்டியும், வராதவரைப் பிடித்தும் கொண்டுபோயினர். 1943 மழையில் காலரா கண்டது. யுத்தக் கைதிகளான வெள்ளையருக்குள்ளேயே டாக்டர்கள் இருந்தார்கள். தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கச் செய்தார்கள். நம்மவருக்கு யார் இருந்தார்? தலைவிதி என்பாரைக் கேட்கிறேன்: காய்ச்சிய தண்ணீரைக் கண்டு ஓடும் விதி என்ன விதி?

கைதிகளில் மாண்டவர் 12,000-க்கு மேல். அப்பெயர்களை ஒளித்து வைத்தாவது எழுதினார்கள். காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் நிற்கின்றன. ஆசியத் தொழிலாளர் செத்தது 70,000 என்பாருமுண்டு, 90,000 என்பாருமுண்டு. பட்டி ஆட்டுக்குக்கூடக் கணக்குண்டே, தோழர்களே!

அசிரியர் என்றொரு ஜனம். 1915-ல் துருக்கி ராஜ்யத்திலும், 1933-ல் இராக்கில் சிமேலேயிலும் கொன்று குவிக்கப்பட்டுப் பல தேசங்களில் சிதறினவர்கள். தனி நாடில்லை. ஆயினும் வருஷந்தோறும் ஆகஸ்டு 7-ந் தேதி கூடி மாண்டோரை நினைக்கிறார்கள். நாமோ திதிக்குப் புரோகிதருக்கு அரிசி அளக்கிறோம். மலேயாவில் செத்த பாட்டன் பெயரைக் கேட்டால் விழிக்கிறோம்.

வாசலில் ஒரு நோட்டுப் புஸ்தகம் வைத்திருக்கிறோம். உங்கள் வீட்டில் மலேயா போய்த் திரும்பாதவர் இருந்தால் பெயர், ஊர், போன வருஷம், தோட்டம் இவற்றைச் சொல்லிவிட்டுப் போங்கள். தோட்டம் தெரியாவிட்டால் பெயர் மட்டும் போதும்.