விபத்து ரிப்பேர் முடிந்த கார் ஸ்டார்ட் ஆகவில்லையா? எதைக் கழற்றினார்கள் என்று கேளுங்கள்

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



டிங்கரிங், பெயின்டிங் எல்லாம் முடிந்து கார் புதுசு போல வீட்டுக்கு வருகிறது. மறுநாள் காலையில் சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட் ஆகவில்லை. அல்லது ஸ்டார்ட் ஆகி, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் நின்றுவிடுகிறது. பட்டறைக்குப் போன் செய்தால், "நாங்க இன்ஜினைத் தொடவே இல்லையே சார், இது பழைய கம்ப்ளெயின்ட்டா இருக்கும்" என்கிறார்கள். அந்த ஒரு வார்த்தையில் செலவு முழுவதும் நம் தலையில் வந்து விழுகிறது.

இன்ஜினைத் தொடவில்லை என்பது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் முன்பக்கம் பலமாக அடிபட்ட காரில் பம்பர், ரேடியேட்டர், ஏர் ஃபில்டர் பெட்டி, பேட்டரி, எர்த் ஒயர், சென்சார் கனெக்டர்கள் என்று பலவற்றைக் கழற்றித்தான் வேலை செய்ய முடியும். விபத்துக்கு முதல் நாள் வரை நன்றாக ஓடிய கார் அது. ஆகவே கோளாறு பெரும்பாலும் அடிபட்ட இடத்திலோ, கைவைத்த இடத்திலோதான் இருக்கும். "எந்த பார்ட்டை மாற்றணும்?" என்று தொடங்காதீர்கள். "எங்கே அடிபட்டது, எதையெல்லாம் கழற்றி மாட்டினீர்கள்?" என்று கேளுங்கள். ஜாப் கார்டு நகலையும் வாங்கிக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு எச்சரிக்கை. பெட்ரோல் வாசனை வந்தாலோ, காருக்கு அடியில் ஈரம் தெரிந்தாலோ சாவியைத் திருப்பவே வேண்டாம். நம்முடையது மூடிய பேஸ்மென்ட் என்பதை மறக்கக் கூடாது.

அடுத்து, செல்ஃப் எடுக்கிறதா என்று பாருங்கள். எடுக்கவில்லை என்றால் பேட்டரியில் ஆரம்பியுங்கள். இரண்டு மூன்று வாரம் பட்டறையில் நின்ற காரில் சார்ஜ் இறங்கியிருக்கும். நல்ல பேட்டரி சும்மா இருக்கும்போது மீட்டரில் சுமார் 12.6 வோல்ட் காட்டும். செல்ஃப் சுற்றும்போது 9.6-க்குக் கீழே போனால் பேட்டரி பலவீனம். பேட்டரி நன்றாக இருந்தும் 'டக் டக்' என்ற சத்தம் மட்டும் வந்தால் எர்த் ஒயரைப் பாருங்கள். பாடியில் போல்ட் உட்காரும் இடத்திலும் பெயின்ட் அடித்துவிட்டால் கரன்ட் சரியாகப் போகாது. இப்படிப்பட்ட காருக்குப் புது பேட்டரி, புது ஸ்டார்ட்டர் என்று மாற்றிக்கொண்டே போவார்கள்; கடைசியில் உப்புத்தாள் வைத்து ஒரு போல்ட்டின் அடியைத் தேய்த்ததும் சரியாகிவிடும். சோதிப்பதும் எளிது. ஜம்பர் கேபிளில் பேட்டரியின் மைனஸையும் இன்ஜின் இரும்பையும் மெக்கானிக் நேராக இணைக்கட்டும். அப்போது செல்ஃப் எடுத்தால் குறை எர்த்தில்தான்.

செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் ஸ்டார்ட் ஆகவில்லை என்று வைத்துக்கொள்வோம். பெரும்பாலான பெட்ரோல் கார்களில் சாவியை ஆன் நிலையில் வைத்ததும் பின் சீட் பக்கம் ஓரிரு விநாடி ஃப்யூயல் பம்ப் ரீங்காரம் கேட்கும். கேட்கவில்லை என்றால் ஃப்யூஸ், ரிலே, கனெக்டர் இவற்றைப் பார்க்க வேண்டும். மோதலின்போது தீப்பிடிக்காமல் இருக்க, பல கார்கள் தாமாகவே எரிபொருளை நிறுத்திவிடும். சில மாடல்களில் அதற்கென்று ஒரு ஸ்விட்ச் இருக்கிறது; வேறு சிலவற்றில் ஏர்பேக் கம்ப்யூட்டர் சிக்னல் அனுப்பி நிறுத்துகிறது. அதை ரீசெட் செய்யாதவரை பம்ப் ஓடாது. செய்யும் முறை ஓனர்ஸ் மேனுவலில் இருக்கும், அல்லது ஸ்கேனர் தேவைப்படும். ஸ்டார்ட் ஆகி இரண்டு விநாடியில் நின்று, சாவி போன்ற விளக்கு மினுக்கினால் இம்மொபிலைசரைச் சந்தேகியுங்கள்.

மூன்றாவது, ஐட்லிங் நிற்காத கார். இங்கே முதல் சந்தேகம் காற்று மேல். பல கார்களில் ஏர் ஃபில்டர் பெட்டி ஹெட்லைட்டுக்குப் பின்னாலேயே இருக்கிறது. மோதலில் அதன் காது உடையும், ரப்பர் குழாய் கிழியும். ஏர்ஃப்ளோ சென்சாரைத் தாண்டிய இடத்தில் ஓட்டை விழுந்தால், அளக்கப்படாத காற்று உள்ளே போகும். ஆக்சிலரேட்டர் கொடுத்தால் ஓடும், விட்டால் நின்றுவிடும். மேனிஃபோல்டு பிரஷர் சென்சார் உள்ள கார்களில் இதே ஓட்டையால் ஐட்லிங் ஏறி நிற்கலாம். கண்ணுக்குத் தெரியாத ஓட்டையை ஸ்மோக் டெஸ்ட் காட்டிக்கொடுக்கும். பேட்டரியைக் கழற்றி மாட்டிய பிறகு த்ராட்டில் தன் நிலையை மறுபடி கற்றுக்கொள்ள வேண்டிய கார்களும் உண்டு. பின்னால் அடிபட்ட கார் என்றால், சைலன்சர் குழாய் நசுங்கியிருக்கிறதா என்று குனிந்து பாருங்கள்.

ஸ்கேன் செய்யும்போது கோடுகளை அழிப்பதற்கு முன் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். கோடு என்பது எங்கே தேடணும் என்ற விலாசம்தான். பி0335 வந்தால் கிராங்க் சென்சாரின் சர்க்யூட்டில் குறை என்று பொருள். சென்சார் நன்றாக இருந்து, அதன் ஒயர் நசுங்கியிருக்கலாம். பி0171 என்றால் காற்று அதிகம் அல்லது எரிபொருள் குறைவு. சென்சாருக்குக் காசு கொடுக்கும் முன் ஒயரையும் குழாயையும் பார்க்கச் சொல்லுங்கள்.

விடாமல் செல்ஃப் அடிக்காதீர்கள். ஒரு முறைக்குப் பத்து விநாடி போதும். எரியாத பெட்ரோல் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கெடுக்கும்; அந்தச் செலவு பெரியது. ஓடும்போது நின்றுபோகும் காரை ரோட்டுக்கு எடுக்கவும் வேண்டாம். இன்ஜின் நின்றால் ஸ்டீயரிங் இறுகும். இரண்டு மூன்று முறை மிதித்ததும் பிரேக்கும் கல்லாகிவிடும். நம் ராம்ப்பில் அது நடந்தால் பின்னால் வரும் காருக்கும் ஆபத்து.

கடைசியாக, டெலிவரி. வேலை திருப்தி என்று கையெழுத்துப் போடும் முன், இன்ஜின் முழுக்க ஆறிய நிலையில் உங்கள் முன்னால் ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். ரேடியேட்டர் ஃபேன் ஒருமுறை சுற்றி நிற்கும் வரை ஐட்லிங்கில் விடுங்கள். ஏசி போடுங்கள், ஸ்டீயரிங்கைத் திருப்புங்கள். சூடான பெட்ரோல் இன்ஜின் பொதுவாக 700 முதல் 900 ஆர்பிஎம்மில் ஆடாமல் நிற்க வேண்டும். ஒரு சுற்று ஓட்டிவந்து, அணைத்து, மறுபடி ஸ்டார்ட் செய்யுங்கள்.

வீட்டுக்கு வந்தபின் கோளாறு தெரிந்தால் அன்றைக்கே வீடியோ எடுத்து, பட்டறைக்கு எழுத்தில் அனுப்புங்கள். விபத்தில் விட்டுப்போன சேதம் என்று தோன்றினால், பிரிப்பதற்கு முன்பே இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் சொல்லுங்கள். சர்வேயர் பார்க்கும் வரை பழைய பார்ட்டைத் தூக்கிப்போட விடாதீர்கள். "பழைய கம்ப்ளெயின்ட்" என்ற பேச்சுக்கு நம் கையில் இருக்கும் பதில் ஜாப் கார்டும், தேதி போட்ட வீடியோவும்தான்.

கேள்விகள் இருந்தால் இப்போதே கேளுங்கள்.